முகப்பருவும் கிருமிநாசினிகளும்

ஜிந்துப்பிட்டியிலிருந்து புறக்கோட்டைக் காபோஸ் ஒழுங்கை நடந்தே செல்லும் தூரத்திலுள்ளது. அங்குள்ள மருந்துச் சரக்குக் கடைகளில் தாய் மரமஞ்சள் வாங்க, மகன் பாமசியிற் களிம்பு வாங்குகின்றான். இரண்டனுள் எது கிருமியை வெல்லும் என என் மாணவன் ஒருவன் வினாவினான். முகப்பருவுக்கு நாணிக் கடைசி வாங்கிலே ஒதுங்கியிருப்பவன் அவன்.

முகப்பருவோடு தொடர்புடைய பற்றீரியா புறத்திருந்து வந்த பகையன்று. பரு இல்லாதார் தோலிலும் வாழ்வதே. ஒட்சிசன் குறைந்த இடத்தை விரும்புவதாதலின், தோலின் நெய்யும் இறந்த கலங்களும் அடைத்த மயிர்க்குழியிற் பெருகுகின்றது.

பென்சோயில் பெரொட்சைட்டு இவ்வியல்பையே தனக்கு வாய்ப்பாகக் கொள்கின்றது. தோலினுட் சிதைந்து, ஒட்சியேற்றும் மூலிகங்களால் கிருமியின் புரதங்களைப் பலவிடத்துந் தாக்குகின்றது. அதனாற்போலும், இதனை எதிர்த்து நிற்கும் கிருமி இன்றுவரை அறியப்படவில்லை. 10 வீதக் களிம்பே வலியது என்பது பலர் எண்ணம். 1986இல் வெளிவந்த ஆய்வொன்றில் 2.5 வீதக் களிம்பும் அழற்சிப் பருக்களை ஏறக்குறைய அவ்வளவே குறைத்தது, எரிச்சலோ குறைவு. தலையணையுறை வெளுக்கும் என்பதை மட்டும் தாய்மார்க்கு முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

கிளிண்டமைசின், எரித்திரோமைசின் என்பன கிருமி புரதம் ஆக்குவதைத் தடுப்பன. தாக்குமிடம் ஒன்றேயாதலின், அவ்விடஞ் சற்றே மாறினாலும் கிருமி தப்பிவிடும். இத்தகைய எதிர்ப்பு 1979இலேயே அறிவிக்கப்பட்டது. என் மாணவன் உறவினர் சொற்கேட்டு ஆறு மாதம் தனியே பூசியதும் இவ்வகைக் களிம்பே. முதலில் வாடிய பருக்கள் பின் முன்னிலும் மிகுந்தன. இதனைப் பென்சோயில் பெரொட்சைட்டுடன் சேர்த்தே பயன்படுத்துதல் வேண்டும் என்பர் வைத்தியர். அடப்பலீன் என்பதோ கிருமியைக் கொல்வதேயில்லை. அடைப்பை நீக்கி அதன் உறைவிடத்தைக் குலைக்கின்றது.

இனி, தாயின் மரமஞ்சள். அதிலுள்ள பேர்பெரின் ஆய்வுக்கூடத் தட்டிற் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பது மெய்யே. ஆயினும் தட்டிலே கிருமி மருந்தில் நேரே தோய்கின்றது. முகத்திலோ நெய் நிறைந்த குழியின் அடியில் மறைந்துளது. தட்டிற் கண்ட வெற்றியைத் தோலில் மீண்டும் நிறுவுதல் வேண்டும். அவுஸ்திரேலியாவில் தேயிலைமர எண்ணெயை அவ்வாறு சோதித்தனர்: 1990இல் வெளியான அவ்வாய்வில் 124 பேர் பங்குகொண்டனர். 5 வீத எண்ணெய் பென்சோயில் பெரொட்சைட்டைப் போலப் பயன் தந்தது, ஆயின் மெதுவாக.

முகம் வெளுக்கவென விற்கப்படுங் களிம்புகளே என்னை அஞ்சுவிப்பன. அவற்றுட் சிலவற்றிற் கலந்துள்ள ஸ்ரீரொயிட்டு பருக்களைத் தானே தோற்றுவிக்கும்.

மாணவனைத் தோல்நோய் வைத்தியரிடம் செல்லுமாறு கூறினேன். எம்மருந்தாயினும் எட்டு வாரமேனும் பொறுக்க வேண்டும் என்றேன். "பரீட்சைக்கு ஆறு வாரந்தானே சேர்" என்றான் அவன்.