ஒரே ஆள், ஒரே இசை, நாலு பதிவு!

மேடையில் கேட்ட பாட்டு ரெக்கார்டில் வேற மாதிரி இருக்கிறதே, ஏன்? பாடியவரா காரணம், மெஷினா? டெக்னிக்கல் படிக்கும் நாம் கேட்கவேண்டிய கேள்வி அல்லவா இது! மேல்நாட்டு இசையில் இதற்கு அருமையான உதாரணம் ஒன்று உண்டு.

ராக்மனினோவ் என்ற ரஷ்ய மேதை 1909இல் எழுதியது மூன்றாம் பியானோ கான்செர்ட்டோ. ஒரு பியானோவும் முழு ஆர்கெஸ்ட்ராவும் போட்டி போட்டு வாசிக்கும் இசை. 1939-40இல் அவரே வாசித்த பதிவு சுமார் 34 நிமிஷம். 1958இல் வான் கிளைபர்ன் நியூயார்க் மேடையில் வாசித்ததோ 43 நிமிஷம். "அடேயப்பா, ராக்மனினோவ் என்ன வேகம்!" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். கிளைபர்ன் முழுசாக வாசித்தார். கடிகாரத்தை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இதே இசையை ஹோரோவிட்ஸ் என்ற பியானோ மேதை 1930, 1951, 1978 ஆகிய ஆண்டுகளில் பதிவு செய்தார். முதல் பதிவில் அவருக்கு வயது 27. அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிஷம்தான். இசையைத் துண்டு போட்டே ஆகணும். 1951இல் எல்.பி. ரெக்கார்டு வந்துவிட்டது, அந்தத் தொல்லை இல்லை. 1978 ஜனவரியில் வாசித்தது மேடையில், ஸ்டீரியோவில். வயது 74. விரல் அங்கங்கே தடுமாறுகிறது. ஆனால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனியாக நிறுத்திப் பேசவைக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் டெலிவிஷனுக்காக மறுபடியும் வாசித்தார். அன்று ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் பம்பாயில் பிறந்த நம்ம ஜூபின் மேத்தா!

நம் ஊரிலும் இதே கதைதான். டி.என். ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்கில் வாசித்த தோடி, இசைத்தட்டில் சில நிமிஷத்துக்குள் அடங்கவேண்டியிருந்தது. தட்டை வைத்து மட்டும் அவரை அளக்க முடியுமா?

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. காலை வெயிலில் எடுத்த போட்டோவும் சாயங்காலம் எடுத்ததும் ஒன்றாக இருக்காது. அதற்காகச் சிற்பியைக் குறை சொல்வோமா?

ஆகவே ஒப்பிடும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: எந்த ஆண்டு, ஸ்டுடியோவா மேடையா, முழுசா வெட்டியதா. மெஷினின் பங்கைக் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்துக் கலைஞனை எடைபோடுங்கள். முதல் பாகத்தில் ஆர்கெஸ்ட்ரா ஓய்ந்து பியானோ தனியே முழங்கும் 'கடென்ஸா' என்ற இடத்தை நாலு பதிவிலும் கேளுங்கள். கிளைபர்ன் வாசிப்பது ராக்மனினோவே எழுதிய இன்னொரு கடென்ஸா, இன்னும் கனமானது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

எல்லாமே இன்று இணையத்தில் கிடைக்கிறது. செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறியதும் கிளைபர்னை ஆரம்பித்தால், தாம்பரம் வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். திரும்பி வரும்போது ஹோரோவிட்ஸ். கேட்டுத்தான் பாருங்களேன்!