சந்திப்பில் மறையும் மோட்டார்

மலேசியாவில் உச்சிவெயில் நேரத்திலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பினாங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அணைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைப்பதுண்டு. அது மறதியல்ல, சட்டம். 1992 முதல் நடப்பில் இருக்கிறது. மோட்டார் ஓட்டிக்கு வழி தெரிய எரியும் விளக்கு அல்ல அது. கார் ஓட்டுபவரின் மூளைக்காக எரியும் விளக்கு. கண்ணுக்காக என்று சொல்லாமல் மூளைக்காக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு.

சுங்கை பினாங் போன்ற நெருக்கமான வட்டாரத்தில் காலையில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். பெரிய சாலையில் மோட்டார்கள் வரிசையாக வருகின்றன. லிம் சோங் இயூ விரைவுச்சாலையைப் பிடித்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள், உணவுப் பையை முதுகில் மாட்டியவர்கள். பக்கத்து லோரோங் எனும் சந்துகளிலிருந்து கார்கள் மூக்கை நீட்டுகின்றன. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். சந்திப்பில் மோதிய பிறகு கார் ஓட்டி சொல்லும் வாக்கியம் நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எடுத்தேன், அவன் எங்கேருந்து வந்தான்னே தெரியலை."

கேட்கிறவர்கள் அதைப் பொய் என்றே எடுத்துக்கொள்கிறோம். பல சமயம் அது பொய் இல்லை.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகம் மறைக்கும் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சின்னக் குழியில்தான் கூம்பு செல்கள் நெருக்கியடித்து இருக்கின்றன. அதை விட்டு விலக விலக எல்லாம் மங்கல். இந்தக் குறையை ஈடுகட்டக் கண் விநாடிக்கு மூன்று நான்கு முறை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவைத்துவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், லோரோங்கிலிருந்து வெளியே வருகிறவருக்கு ஆபத்து முதலில் வலப்பக்கத்திலிருந்து வரும். அவர் சட்டென்று தலையைத் திருப்பும்போது கண் சாலையை முழுக்கத் தடவிக்கொண்டு போவதில்லை. இரண்டு மூன்று இடங்களில் மட்டும் நின்று, இடையில் உள்ளதைத் தாண்டிவிடுகிறது. ஒல்லியான மோட்டார் அந்த இடையில் இருக்கலாம். காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஒன்றே அதை மறைக்கப் போதும். நேராக நம்மை நோக்கி வரும் வண்டி பார்வையில் இடம் மாறாது; கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். அசைவைக் கண்டு விழித்துக்கொள்ளும் மூளைக்கு அது போதுமான சேதி அல்ல.

ஆனாலும் நமக்குச் சாலை ஓட்டையில்லாமல், முழுசாகத்தான் தெரிகிறது. இடைவெளியை நிரப்புவது நினைவு. பினாங்கின் ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியத்தைப் பார்த்திருப்பீர்கள். சைக்கிள் நிஜம், சுவரில் பதித்தது; பிள்ளைகள் இரண்டு பேரும் வெறும் சாயம். பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒட்டி, ஓடுகிற சைக்கிளில் சிரிக்கிற பிள்ளைகளாகிவிடுகின்றன. சைக்கிளில் பிள்ளைகள் எப்படி உட்காருவார்கள் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியுமே. மூளையின் அமைப்பும் இதற்கு ஏற்றபடியே இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் சேதி மூளைப் புறணிக்குப் போகும் வழியில் தலாமஸில் ஒரு நிலையம் உண்டு. அங்கே கண்ணிலிருந்து வந்து சேரும் இணைப்புகளைவிடப் புறணியிலிருந்து இறங்கி வரும் இணைப்புகளே அதிகம். அதே மூளைதான் சந்திப்பில் "சாலை காலி" என்ற படத்தையும் வரைந்து கொடுக்கிறது. அந்தக் காலிச் சாலையில் எவ்வளவு கண் பார்த்தது, எவ்வளவு நேற்றைய சாலை என்று ஓட்டுபவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

கண் பட்டாலும் கவனம் படவேண்டும். 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் ஷப்ரிஸ் இருவரும் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது: பந்தை எத்தனை முறை கைமாற்றினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனதைக் காணவில்லை. சாலையில் வருவது கொரில்லா இல்லை, நாம் தினமும் பார்க்கும் வாகனம் என்று நீங்கள் சொல்லலாம். 2018இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். 56 பேரிடம் சாலைப் படங்களைக் காட்டி, வண்டியோட்டப் பாதுகாப்பான சூழலா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராமல் ஒரு வாகனத்தைச் சேர்த்திருந்தார்கள். டாக்சி சேர்ந்த படத்தில் 31 விழுக்காட்டினர் அதைத் தவறவிட்டார்கள். மோட்டார் சேர்ந்த படத்தில் தவறவிட்டவர்கள் 65 விழுக்காடு. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள தூரத்தில் எத்தனை குடும்பங்களின் துக்கம் கிடக்கிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. மோதினால் நம்மைக் கொல்லக்கூடியது எதுவோ, லாரியோ பஸ்ஸோ, அதைத் தேட நம் மூளை பழகியிருக்கிறது. மோதினால் தானே நசுங்கிப்போகும் வண்டிக்கு அந்த முன்னுரிமை கிடைப்பதில்லை.

அதற்கடுத்த ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதைவிட என்னை உலுக்கியது. கார் ஓட்டும் பாவனைக் கருவியில் ஓட்டுநர்களை உட்காரவைத்து, சந்திப்பைக் கடக்கச் சொல்லி, அவர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கடந்ததும், என்னென்ன வாகனம் வந்தது என்று கேட்டார்கள். எதிரே வந்த மோட்டார்களில் 13 முதல் 18 விழுக்காடு வரை அவர்கள் சொல்லவில்லை. கண் படாததால் அப்படி ஆனது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பார்த்தார்கள், இன்னொரு பக்கம் திரும்பித் தேடுவதற்குள் மறந்துவிட்டார்கள். குறுநேர நினைவில் மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் நிற்காது. இடப்பக்கத்து லாரி, சாலையைக் கடக்கும் அம்மா, பின்னால் ஹாரன் அடிப்பவர் என்று இடம் நிரம்பியதும் வலப்பக்கத்து மோட்டார் வெளியே தள்ளப்படுகிறது. பார்த்துப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

இதையெல்லாம் அறிந்தால் பகல் விளக்கின் வேலை புரியும். விளக்கு வெளிச்சம் கண்ணின் மங்கலான ஓரத்திலும் உறைக்கும். கவனத்தை இழுத்து, கண்ணைத் தன் பக்கம் தாவவைக்கும். மலேசியாவில் சட்டம் வந்த பிறகு ஆய்வாளர் ராடின் உமாரும் அவருடைய சகாக்களும் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த விபத்துகளை ஆராய்ந்தார்கள். மோட்டார் கண்ணில் படாததால் நேரும் வகை விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சுவிட்சைப் போட்டதற்கு இது பெரிய பலன். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய இருசக்கர வாகனங்கள் விளக்கு தானே எரியும்படி தயாராகின்றன.

விபத்து நடந்ததும் "கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கவனமாக இருந்தவரின் மூளையும் மோட்டாரைத் தவறவிடும். அது தண்டனையைக் குறைக்கும் காரணமல்ல, ஓட்டும் பழக்கத்தை மாற்றவேண்டிய காரணம். ஓட்டுநர் பள்ளிகளில் சாலைக் குறிகளைச் சொல்லித்தரும் அளவுக்குக் கண்ணைப் பற்றியும் சொல்லித்தர வேண்டும்.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில. கார் ஓட்டுகிறவர்கள் சந்திப்பில் தலையை ஒரே வீச்சாகத் திருப்பாமல், அருகில், நடுவில், தூரத்தில் என்று கண்ணை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தூணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க உடம்பை முன்னுக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பார்த்த பிறகு வலப்பக்கம் இன்னொரு முறை பார்த்துவிட்டே காரை எடுங்கள். மோட்டார் வருவதைக் கண்டால் "மோட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாட்டிங்ஹம் ஆய்வாளர்கள் தரும் யோசனை இது: சொல்லாக்கிய சேதி காட்சியைப்போல் அவ்வளவு எளிதில் கலைவதில்லை. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்ந்து சொல்லவிடுங்கள்.

மோட்டாரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லோரோங் வாயிலில் நிற்கும் காரின் ஓட்டுநர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும், அவர் உங்களைக் கண்டுவிட்டார் என்று நம்பாதீர்கள். அவர் முகத்தைப் பார்ப்பதைவிடக் காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். அது உருளத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.