பழைய வைக்கோல் தொப்பியும் பிரிந்த தையலும்



பள்ளி விடுமுறையில் ஒரு நாள், நம் மாணவி ஒருத்தியின் பாட்டி, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளோடு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். பிரித்துப் பார்த்தோம். பழைய வைக்கோல் தொப்பி. விளிம்பில் தையல் விட்டு, பின்னல் வாழைநார் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“வாத்தியாரையா, இது அவரு புல்வெட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போன தொப்பி. ஆளும் போயாச்சு. இப்ப லயத்தை விட்டு வீடு மாறிப் போறோம். இதைக் குப்பையில போடும்மான்னு மகன் சொல்றான். எனக்கு மனசு வரல. தைக்க முடியுமா?” என்று கேட்டார்.

தைக்க முடியும். ஊசி, நூல், பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் தொப்பி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வோம். கோதுமைத் தாள் போன்றவற்றை நீண்ட நாடாவாகப் பின்னுவார்கள். அந்த நாடாவை உச்சியில் ஒரு பொட்டுப் போலத் தொடங்கி, சுற்றிச் சுற்றி, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்றின் ஓரம் சற்றே ஏறும்படி தைத்துக்கொண்டே வருவார்கள். விளிம்பில் வந்து முடிப்பார்கள். ஆக, முழுத் தொப்பியும் ஒரே நாடாதான். இங்கிலாந்தில் லூட்டன் என்னும் நகரம் இத்தொழிலுக்குப் பேர் போனது. தொடக்கத்தில் அங்கே கையால்தான் தைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கென்றே தையல் இயந்திரங்கள் வந்தன. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மலிவான பின்னல் நாடாவும் வந்து குவிந்தது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி உண்டு. நம் வீட்டுத் தையல் இயந்திரத்தில் மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல் என இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தொப்பி தைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் ஒரே நூல்தான். அது வளையத்துக்குள் வளையமாக ஓடும் சங்கிலித் தையல். ஓரிடத்தில் நூல் அறுந்து, அதன் முனையை இழுத்தால், சர்க்கரை மூட்டையின் வாய்த்தையல் போல மடமடவென்று பிரிந்து போகும். நாமும் இளமையில் இப்படி ஒரு தொப்பியில் தொங்கிய நூலைப் பிடித்து இழுத்து, இரண்டு சுற்று கழன்ற பிறகே விழித்துக்கொண்டோம். ஆகவே முதல் விதி: தொங்கும் நூலை இழுக்காதீர்கள். அதைக் கடைசி வளையத்துக்குள் நுழைத்து முடிச்சிட்டு வையுங்கள். மேற்கொண்டு பிரியாது.

அடுத்து, தொப்பியை மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். காய்ந்த வைக்கோலை வளைத்தால் முறியும். எனவே பிரிந்த பகுதியின் மேல், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை அரைமணி நேரம் போட்டு வையுங்கள். நாடா முறுமுறுக்காமல் வளைந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். தண்ணீரில் முக்கிவிடக் கூடாது. தொப்பி விறைப்பாக நிற்பதற்காக வச்சிரமோ அரக்கோ பூசியிருப்பார்கள். ஊறினால் வச்சிரம் கரைந்து, தொப்பி தோசை போலத் துவண்டுவிடும்.

இனி நாடாவைப் பழைய இடத்தில் பொருத்த வேண்டும். எவ்வளவு ஏற்றி வைப்பது? தொப்பியே அதைச் சொல்லும். வெயில் பட்ட பகுதி நிறம் மாறியிருக்கும். மேல் சுற்றால் மூடியிருந்த பகுதி நிறம் மாறாமல் ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோடு மறையும் அளவுக்கு ஏற்றி வைத்தால் போதும். குண்டூசி குத்தினால் வைக்கோல் பிளக்கும். துணி உலர்த்தும் கிளிப்புகளைக் கொண்டு பிடித்து வையுங்கள்.

நூல் பருத்தி நூலாக இருக்கட்டும். மீன்பிடிக்கும் நைலான் நூல் உறுதியானது என்று எண்ணுவோர் உண்டு. அது நாளடைவில் வைக்கோலையே அறுத்துவிடும். அறுந்த நூலை மாற்றலாம், அறுந்த வைக்கோலை மாற்ற முடியாது.

மெல்லிய ஊசியில் ஒற்றை நூல் கோத்து, பிரிந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே, நல்ல தையலின் மேலேயே தொடங்குங்கள். முடிச்சு இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே மறைந்திருக்க வேண்டும். பழைய துளைகள் தெரிந்தால் அவற்றிலேயே ஊசியை விடுங்கள். இல்லாவிட்டால் தாளுக்கும் தாளுக்கும் இடையே விடுங்கள். வெளிப்பக்கம் தையல் ஓர் எள்ளளவு இருக்கட்டும். உட்பக்கம் ஒரு சென்டிமீட்டர் ஓடலாம். நூலை இறுக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் விளிம்பு சுருங்கிக் கிண்ணம் போல மேலெழும். நாடா படிந்து உட்கார்ந்தால் அதுவே போதுமான இறுக்கம். பிரிந்த இடத்தைத் தாண்டியும் இரண்டு அங்குலம் தைத்து, ஒரே இடத்தில் இரண்டு முறை ஊசியை ஏற்றி இறக்கி, நூலை மடிப்புக்குள் ஓட்டி நறுக்குங்கள்.

பிறகு தலைப்பகுதிக்குள் பொருத்தமான ஒரு கிண்ணத்தை வைத்து, விளிம்பைச் சீராக்கி, நிழலில் உலர்த்துங்கள்.

நாடா தொட்டாலே பொடியாக உதிர்கிறதா? அங்கே ஊசி வேலை செய்யாது. உட்பக்கம் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, நல்ல நாடாவோடு சேர்த்துத் தையுங்கள். அந்தத் தொப்பி இனி ஆணியில் இருக்கட்டும், காட்டுக்குப் போக வேண்டாம்.

வேலைக்கு அணியும் தொப்பியில் இன்னொரு கவனம் வேண்டும். வேர்வையின் உப்பு நூலை இற்றுப்போகச் செய்யும். உள்ளே நெற்றிப் பட்டையை அடிக்கடி ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். தொப்பியை எடுக்கும்போது உச்சியைக் கிள்ளித் தூக்காமல், இரு கைகளாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். உச்சி பெரும்பாலும் அந்தக் கிள்ளலில்தான் உடைகிறது. நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். துணியில் சுற்றி வையுங்கள்.

அந்தப் பாட்டியின் தொப்பியை நான்காம் நாள் கொடுத்தோம். உள்ளே இருந்த பட்டை வேர்வைக் கறையேறிக் கறுத்திருந்தது. புதுத் துணி வைத்துத் தைக்கட்டுமா என்று முன்னமே கேட்டிருந்தோம். “வேணாம் வாத்தியாரே, அது அவரு வேர்வை. அப்படியே இருக்கட்டும்” என்றுவிட்டார். தையலை மட்டும் சீர்செய்து, பட்டையைத் தொடாமல் கொடுத்தோம்.

பழையதைப் புதியதாக்குவது ஒரு வேலை. பழையதைப் பழையதாகவே நிலைக்கச் செய்வது வேறொரு வேலை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தொப்பி இருக்கக்கூடும். தூக்கிப் போடுமுன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரியவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.