காட்டுவழி நடைக்கு ஏற்ற முதுகுப்பை

யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் இருந்து ஆண்டுதோறும் புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரைக் குழுவினர் எமது மாவட்டத்தின் ஊடாகவே செல்கின்றனர். திருகோணமலை, மூதூர், வெருகல் எனக் கடந்து, வாகரை, மட்டக்களப்பு வழியாக உகந்தையை அடைகின்றனர். முழுத்தூரமும் நடக்க ஒரு மாதத்திற்கு மேலாகும். குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கு அது இலேசான காரியமல்ல. ஆகவே, உகந்தை வரை பஸ்ஸில் சென்று, அங்கிருந்து குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமம் வரையான நான்கைந்து நாள் நடையில் மட்டும் சேர்ந்து கொள்பவர்கள் அநேகர்.

இந்நடைக்குப் போக விரும்பும் சகோதரிகள் என்னிடம் முதலில் கேட்பது யானையைப் பற்றியல்ல. "மிஸ், எந்தப் பையில சாமானைக் கொண்டு போறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

இதைச் சின்னக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 2006 இல் மூதூர் கிழக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் வெருகல், வாகரை என்று இதே திசையில்தான் நடந்தார்கள். தலையில் உரப்பை, இடுப்பில் குழந்தை. அவர்களில் ஒருவரான அக்கா ஒருவர் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் சொன்னார்: "எனக்கு ஓடுறதுக்குப் பை கட்டத்தான் தெரியும். விரும்பிப் போறதுக்கு எப்பிடிக் கட்டுறது எண்டு தெரியாது." அவருடைய இடது தோளில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. மகனின் பழைய பள்ளிக்கூடப் பையை மாட்டி ஒரு மணித்தியாலம் நடந்து பார்த்தாராம். கை விறைத்து, விரல்கள் மரத்துப் போய்விட்டன.

காரணம் எளிது. பள்ளிக்கூடப் பை பிள்ளையின் முதுகுக்குத் தைக்கப்பட்டது. அதன் பட்டி ஒடுங்கியது. பாரம் முழுவதையும் தோளில் தொங்கவிடும். தோளின் ஊடாகக் கைக்குச் செல்லும் நரம்புகள் அழுத்தப்படும்போதுதான் கை மரக்கிறது. மலையேறுபவர்கள் பாவிக்கும் ரக்சாக் பையில் இடுப்புப் பட்டி ஒன்று உண்டு. அதை இறுக்கினால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். தண்ணீர்க் குடத்தை நாம் எங்கே வைத்துச் சுமக்கிறோம்? இடுப்பில்தானே. நம் பாட்டிமாருக்குத் தெரிந்த விடயம்தான் இது.

இடுப்புப் பட்டி வயிற்றில் இருக்கக்கூடாது. எலும்பின் மேல் இருக்க வேண்டும். சிசேரியன் செய்தவர்கள், வயிற்றில் காயத் தழும்பு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். செயற்கைக் கால் அணிபவர்களுக்கு அதன் வாரும் பையின் பட்டியும் ஒரே இடத்தில் உரசக்கூடும். கால் பொருத்தித் தந்தவர்களிடம் பையையும் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

வாங்குமுன் முதுகை அளவுநாடாவால் அளந்து கொள்ளுங்கள். தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முடிச்சுத் தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம் வரை உள்ளதே உங்கள் முதுகின் நீளம். ஆண்களுக்கென்று செய்த பைகள் பெரும்பாலும் நமக்கு நீளம் கூடியவை. அவற்றில் இடுப்புப் பட்டி புட்டத்தில் வந்து நிற்கும். நெஞ்சுக்குக் குறுக்கே வரும் சின்னப் பட்டியும் மார்பை அழுத்தாமல் மேலே கீழே நகர்த்தக் கூடியதாக இருக்க வேண்டும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்து கிலோ அரிசியை உள்ளே வைத்து, கடைக்குள்ளேயே கொஞ்சம் நடந்து பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

30 அல்லது 35 லீற்றர் கொள்ளும் பை போதும். பை பெரிதானால் சாமானும் பெருகும். உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு சுமப்பது நல்லது. ஆகக்கூடியது நூற்றுக்குப் பதினைந்து. 50 கிலோ நிறையுள்ள பெண் 5 கிலோ சுமக்கலாம், 7.5 கிலோவைத் தாண்டக்கூடாது. (ஏழரை என்றாலே நம்மவர்களுக்குப் பயம்தானே!) இதில் தண்ணீரே 3 கிலோ வரும். யாத்திரை நடக்கும் ஆடி மாதத்தில் கிழக்கில் கச்சான் காற்று அனலாக வீசும். வழியில் தண்ணீர் கிடைத்தாலும் அடுத்த இடம் வரைக்குமானதைச் சுமந்தே ஆகவேண்டும். எனவே குறைக்க வேண்டியது தண்ணீரையல்ல, மற்றச் சாமான்களை. அரிசி, பருப்பு, பானையைக் குழுவாகப் பங்கிடுங்கள். ஆளுக்கொரு பானை எதற்கு?

புதுப்பை வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. உங்களில் பலரிடம் தையல் மெஷின் இருக்கிறது. உறுதியான பழைய பை ஒன்றின் தோள்பட்டியை ஆறு சென்ரிமீற்றர் அகலத்துக்கு விரித்து, உள்ளே ஸ்பொஞ் வைத்துத் தையுங்கள். பட்டி பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அதனுள் குறுக்கும் மறுக்குமாக இரண்டு தையல் போட்டால் அறாது. தடித்த நாடாவும் கிளிப்பும் வைத்து இடுப்புப் பட்டியும் பூட்டலாம். அந்த அக்காவின் பையை எங்கள் குழுவில் தையல் தெரிந்த ஒருவர் இப்படித்தான் திருத்திக் கொடுத்தார்.

அடுக்கும்போது உடுப்பு அடியில், தண்ணீரும் அரிசியும் நடுவில் முதுகோடு ஒட்டியபடி, துவாயும் ஜீவனியும் மேலே. மாதவிடாய்த் துணிகளைத் தனிப்பையில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அடையாள அட்டை பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும்.

புறப்பட ஒரு மாதம் முன்பே பாதிப் பாரத்துடன் பழகத் தொடங்குங்கள். காலையில் கோணேசர் கோயில் ஏற்றம் நல்ல பயிற்சி. பிறகு முழுப் பாரத்துடன் கன்னியா வெந்நீர் ஊற்று வரை ஒருநாள் நடந்து பாருங்கள். தோள் சிவந்தாலோ கை மரத்தாலோ பையைக் கழற்றி, பட்டியைச் சரிசெய்த பின்னரே தொடருங்கள். அந்த அக்கா இப்போது கிழமைக்கு மூன்று நாள் நடக்கிறார். கடைத் தராசில் நிறுத்தபோது அவருடைய பை ஆறரைக் கிலோ. இரண்டாவது சேலையை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.