கஞ்சா: மருந்துக் கேள்வி வேற, போதைக் கேள்வி வேற

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்று எங்கே பேச்சு தொடங்கினாலும் ஐந்து நிமிடத்துக்குள் ஒருத்தர் "கேன்சரையே குணமாக்குதாம் சார்" என்பார். இன்னொருத்தர் "ஒரு தலைமுறையே அழிஞ்சிடும்" என்பார். ரெண்டு பேரும் ஒரே செடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒரே கேள்வியைப் பற்றி இல்லை. கொஞ்ச நாளாக இது சம்பந்தமாகப் படித்து எடுத்த குறிப்புகளில், இந்தியா பற்றியதை முதலில் வைக்கிறேன். ஏன்னா கதையே இங்கேதான் ஆரம்பிக்குது.

முதலில் சட்டம். 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) கஞ்சா என்று சொல்வது செடியின் பூவையும் காய்க்கும் நுனியையும். பிசின், அதாவது சரஸ், தனி. பூ இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பாங் கடை நடப்பது இதனால்தான். பாங் என்பது இலையை அரைத்தது. ஒரே செடியில் ஒரு முழம் மேலே கையை வைத்தால் ஜெயில், கீழே வைத்தால் ஹோலிப் பண்டிகை!

இந்த வேடிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. 1961-ல் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, இங்கே காலம்காலமாக இருக்கும் பழக்கத்தை எப்படி ஒரே நாளில் நிறுத்துவது என்று இந்தியா வாதாடியது. இலைக்கு விலக்கு கிடைத்தது. மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த 25 வருட அவகாசமும் கிடைத்தது. உடன்படிக்கை 1964 டிசம்பரில் அமலுக்கு வந்தது, ஆக 1989 கெடு. கெடு நெருங்கும்போது வந்த சட்டம்தான் 1985-ன் சட்டம். அதற்கு முன்பு பல மாநிலங்களில் கஞ்சா அரசு உரிமக் கடையில், வரி கட்டி விற்ற சரக்கு.

அந்த உரிமக் கடை முறைக்குப் பின்னால் ஒரு பெரிய விசாரணை இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விவாதத்தில் இறங்கும் எவரும் முதலில் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை ஒட்டி 1893-ல் இந்திய கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்கள், அதில் மூன்று பேர் இந்தியர்கள். டாக்டர்கள், அதிகாரிகள், விவசாயிகள், சாமியார்கள் என்று 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கினார்கள். அறிக்கை மூவாயிரம் பக்கத்துக்கும் மேல்.

அப்போதைய பெரிய குற்றச்சாட்டு, கஞ்சா பைத்தியம் பிடிக்க வைக்கும் என்பது. ஆதாரம் என்ன? மனநோய் மருத்துவமனைகளின் பதிவேடு. 1892-ல் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று எழுதியிருந்தது. புள்ளிவிவரமே இருக்கு, இனி என்ன பேச்சு என்று விட்டிருக்கலாம். குழு விடவில்லை. 222 பேரின் கதையையும் ஒவ்வொன்றாகத் தோண்டியது. அந்தக் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியது பெரும்பாலும் டாக்டர் இல்லை, ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ் தந்த தகவல் என்று தெரியவந்தது. ஊர் பேர் தெரியாத ஆள், புகைப்பான் என்று யாரோ சொன்னார்கள், காரணம் கஞ்சா, அவ்வளவுதான். விசாரித்து முடித்தபோது மிஞ்சியது 98 பேர். அதிலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன.

கவனிங்க, பூஜ்யம் என்று குழு சொல்லவில்லை. அளவோடு எடுப்பவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, முழுத்தடை தேவையும் இல்லை உசிதமும் இல்லை, வரியும் உரிமமும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று எழுதியது. (வரி வருமானம் காலனி அரசுக்கு இனித்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.)

இனி மருந்துக் கேள்வி. 1839-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓ'ஷாக்னெஸ்ஸி, கஞ்சாச் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வலிப்பு வந்த 40 நாள் குழந்தையும் உண்டு. குழந்தை தேறியது. ஒரு குழந்தையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனால் 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, செடியிலிருந்து பிரித்த கேனபிடயால் (சி.பி.டி.) மருந்துக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்ததும் குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்களுக்கே. டிராவே நோய்க்குறி உள்ள 120 பேரிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களுக்கு மாதம் 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. வெறும் டம்மி மருந்து எடுத்தவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். பக்கவிளைவு இல்லாமல் இல்லை. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, ஈரல் நொதி ஏறுவது எல்லாம் வந்தன. வலிப்புக்குக் கொடுக்கும் வேறு மாத்திரையோடு சேர்ந்து அதன் வீரியத்தைக் கூட்டவும் செய்யும். அதனால் ஆன்லைனில் 'சி.பி.டி. எண்ணெய்' வாங்கிக் குழந்தைக்கு நாமே சொட்டு விடும் வேலை வேண்டவே வேண்டாம்.

இந்த சி.பி.டி. போதை தராது. போதை தருவது டி.எச்.சி. என்ற இன்னொரு பொருள். அதற்கும் மருத்துவப் பயன் உண்டு: பெரியவர்களின் நாட்பட்ட வலி, கீமோதெரபி வாந்தி, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் தசை இறுக்கம். 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து வலுவான ஆதாரம் உண்டு என்று சொன்னது முக்கியமாக இந்த மூன்றுக்குத்தான். கேன்சரைக் குணமாக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கு.

நம் சட்டத்திலும் மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு வழி ஏற்கெனவே உண்டு, எட்டாம் பிரிவிலேயே. ஆக, மருந்துக்காகச் சட்டத்தை உடைக்க வேண்டிய அவசியம் இல்லை. சோதனை நடத்தி, தரம் பார்த்து, டாக்டர் சீட்டில் கொடுக்கலாம். அப்புறம் ஏன் எல்லா நாட்டிலும் இந்த வாதம் மருந்தைச் சொல்லியே ஆரம்பிக்கிறது? தாய்லாந்தைப் பாருங்க. மருத்துவத்துக்கு என்று முதலில் கதவைத் திறந்தார்கள். 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள், விற்பனைக்கு ஒழுங்கான சட்டம் போடும் முன்பே. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025-ல் மறுபடி மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று திரும்பினார்கள். உருகுவே நேர்மாறு. போதைக்குத்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் 2013-ல் சட்டம் போட்டு, பதிவு செய்த குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும் மட்டும், மருந்துக் கடையில் மாதம் 40 கிராம் உச்சவரம்பு வைத்தது. எனக்கு உருகுவேயின் நேர்மை பிடித்திருக்கிறது.

போதைக் கேள்வியில் நான் தயங்குவது வியாபாரத்தைப் பார்த்துத்தான். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-ல் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம். 2014-ல் சுமார் 12. விசாரணைக் குழு பார்த்த சரக்கை வைத்து இன்றைய சரக்குக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள் என்பது 1990-களின் அமெரிக்கக் கணக்கு. பதின்வயதில் தொடங்குபவர்களுக்கு இது இன்னும் கூடுதல். மனச்சிதைவு அபாயமும் அதிக அளவு, அடிக்கடி என்று போகப் போக ஏறுகிறது.

அதுக்காக, பிடிபடும் காலேஜ் பையனை ஜெயிலில் போடுவது வைத்தியம் ஆகாது. இப்போதைய கணக்கு: ஒரு கிலோ வரை 'சிறு அளவு', ஒரு வருடம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, பத்து முதல் இருபது வருடம், ஜாமீன் கிடைப்பதே குதிரைக் கொம்பு. வியாபாரிக்கு இது இருக்கட்டும். வெறுமனே புகைத்தவனுக்கும் ஆறு மாதம் வரை சிறை என்ற 27-ஆம் பிரிவு எதற்கு என்பதுதான் என் கேள்வி. சிறையிலிருந்து வருபவனுக்கு வேலை கிடைக்காது, பழக்கமும் போயிருக்காது.

இதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ, பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் மாட்டிய அடிமைப்பட்ட ஒருவர், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்தால், வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். பிள்ளை மாட்டிக்கொண்ட வீட்டில் முதல் நாளே வக்கீலிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.