வூட்சு உருக்கின் அமில அரிப்பு

வூட்சு உருக்கின் அமில அரிப்பு என்பது, அவ்வகை உருக்கினால் செய்யப்பட்ட கத்தி, வாள் முதலியவற்றின் அலகை மெருகிட்டு, நீர்த்த அமிலம் அல்லது இரும்பு உப்புக் கரைசலைப் பூசி, உலோகத்தினுள் அமைந்துள்ள வரிக்கோலத்தைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் முறை ஆகும். கரைசல் கோலத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதை வெளிக்காட்டுகிறது. எனவே இம்முறை அழகூட்டுவதற்கு மட்டுமன்றி, உருக்கின் வகையை அறியும் சோதனையாகவும் பயன்படுகிறது.

வரலாறு

வூட்சு உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எனப்படும் மண் கலங்களில் உருவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய ஊர்களில் இத்தொழிலுக்கான தொல்லியல் சான்றுகள் கிடைத்துள்ளன. மேல்சிறுவளூர்ச் சான்றுகள் பற்றிய சாரதா சீனிவாசனின் ஆய்வு 1994 இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட வூட்சு மாதிரிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795 இல் இலண்டன் ராயல் கழகத்தில் கட்டுரை அளித்தார். மைக்கேல் பாரடே 1819 இல் இவ்வுருக்கைப் பகுப்பாய்வு செய்தார். பின்னர் கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து உருக்குக் கலப்புலோகங்களை ஆராய்ந்தார்.

கோலம் தோன்றும் காரணம்

வூட்சு உருக்கில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை கரிமம் (கார்பன்) உண்டு. கரிமத்தின் ஒரு பகுதி இரும்புடன் சேர்ந்து சிமென்டைட்டு என்னும் கடினமான சேர்மமாகிறது. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிய அளவில் இருப்பின், திரும்பத் திரும்பச் சூடாக்கி அடிக்கும்போது சிமென்டைட்டுத் துகள்கள் அடுக்கடுக்காக அணிவகுக்கின்றன. கரைசல், துகள்களைச் சூழ்ந்துள்ள உலோகத்தை விரைவாக அரித்துக் கருமையாக்குகிறது. சிமென்டைட்டு எளிதில் அரிபடாமையால் வெண்ணிற வரிகளாக எஞ்சுகிறது. அடிக்கும்போது அலகை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் துகள்கள் கரைந்து கோலம் அழிந்துவிடும். பின்னர் எத்தனை முறை அரித்தாலும் அது தோன்றாது.

செய்முறை

முதலில் அலகு படிப்படியாக நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கப்படுகிறது. எஞ்சிய கீறல்கள் அரிப்பின்போது மேலும் தெளிவாகத் தெரியும். அடுத்து எண்ணெய்ப்பசை முற்றிலும் நீக்கப்படுகிறது. கைரேகை பட்ட இடத்தில்கூடக் கறை படியும். பின்னர் நீர்த்த பெரிக் குளோரைடு கரைசல் அல்லது சாராயத்தில் கலந்த 2 முதல் 4 விழுக்காடு நைட்ரிக் அமிலம் பூசப்படுகிறது. முற்காலத்தில் பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் இரும்புச் சல்பேட்டு அடங்கிய கனிமத்தை நீரில் கரைத்துப் பயன்படுத்தினர். கோலம் தெரிந்தவுடன் அலகு கழுவப்பட்டு, சமையல் சோடாக் கரைசலால் அமிலம் நடுநிலையாக்கப்படுகிறது. இறுதியில் உலர்த்தி எண்ணெய் தடவப்படுகிறது. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றுதல் ஆபத்தானது.

போலிக் கோலங்கள்

சாதாரண உருக்கின் மேல் மெழுகு அல்லது வண்ணெய்யால் வரிகள் வரைந்து, எஞ்சிய இடத்தை அரித்துப் போலிக் கோலம் உண்டாக்குவதும் உண்டு. மேற்பரப்பைத் தேய்த்து மீண்டும் அரித்தால் இரண்டும் வேறுபடும். உண்மைக் கோலம் அலகின் உட்புறத்திலும் உள்ளதால் மீண்டும் தோன்றும். போலிக் கோலம் தோன்றாது.

பழம் படைக்கலங்கள்

சென்னையில் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கூவத்தின் மறுகரையில், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனையைச் சேர்ந்த படைக்கலங்கள் பேணப்படுகின்றன. இத்தகைய பழம் பொருள்களில் மேற்கூறிய சோதனையைச் செய்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு தேய்ப்பிலும் அரிப்பிலும் சிறிது உலோகம் நீங்குகிறது. நுண்ணிய செதுக்கு வேலையும் பொன் பதிப்பும் சிதையக்கூடும். துருவை அப்படியே விட்டால் உலோகம் தொடர்ந்து அழியும். ஆகவே முழு அலகையும் அரிப்பதைத் தவிர்த்து, தேவையானபோது மட்டும் கண்ணில் படாத சிறு பகுதியில் சோதிப்பதே பாதுகாப்பானது.