சொல்லுக்குள் சாயம் – 14: குட்டி வாலுக்கும் குட்டி

கிரேயானுக்குள் சுண்ணக்கட்டி ஒளிந்திருந்த கதை போன வாரம் முடிந்தது. இந்த வாரம் வெர்ஸ், ஸ்டான்ஸா என்று கவிதைப் பக்கம் போவதாகச் சொல்லியிருந்தேன். புறப்படவும் செய்தேன். அச்சன்புதூர் கடைத்தெருவில் ஒரு பென்சில் குறுக்கே வந்துவிட்டது.

அக்கா பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரையும் போட்டி. "தாத்தா, கேமல் ஹேர் பிரஷ்தான் வேணும், டீச்சர் சொல்லிருக்காங்க" என்று நூறு தடவை சொல்லி அனுப்பினாள். கடை அண்ணாச்சி டப்பாவை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஒட்டகப் படம் போட்டதா, ஒட்டக முடி வச்சதா? படம் போட்டதுன்னா இந்தா இருக்கு. முடின்னா நீங்க ராஜஸ்தானுக்குல்லா போகணும்."

ராஜஸ்தான் போனாலும் பயனில்லை அண்ணாச்சி. கேமல் ஹேர் பிரஷ்ஷில் ஒட்டக மயிர் கிடையாது. அணில் வால் மயிர், ஆட்டு மயிர், மட்டக்குதிரை மயிர் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் இருக்கும். மிஞ்சிப்போனால் நைலான். கீரி மயிரிலும் செய்துகொண்டிருந்தார்கள்; 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். 2019இல் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்று பெயர் வைத்து நாடு முழுக்கச் சோதனை போட்டுப் பிடித்தார்கள். (கீரிக்குத் தொல்காப்பிய மரபியலில் 'மூங்கா' என்று பெயர். ஆங்கில மங்கூஸ் மராத்தி வழியாகப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். சரி, கீரியை விடுவோம்.)

பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு, பென்சிலையும் கேட்டு வாங்கி வீட்டுக்கு வந்து, பென்சில் என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால், வால் அங்கேயும் நீட்டிக்கொண்டிருக்கிறது. லத்தீனில் வாலுக்கு ஒரு சொல் உண்டு. அதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மருத்துவர்கள் இன்று அதை வேறோர் உறுப்புக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வாலுக்குக் குட்டி 'பெனிகுலஸ்'. குட்டிக்கும் குட்டி 'பெனிகில்லஸ்': ஓவியன் கையிலிருக்கும் மெல்லிய தூரிகை. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் அது பென்சில் ஆனது. ஷேக்ஸ்பியர் காலத்தில் பென்சில் என்றால் தூரிகைதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் தூரிகையை 'பென்சோ' என்கிறார்கள், ஜெர்மன்காரர்கள் 'பின்செல்'. பிரெஞ்சுக்காரரிடம் நம் பென்சிலைக் காட்டிப் பெயர் கேளுங்கள், 'கிரேயோன்' என்பார்! போன வாரம் முடித்துவைத்ததாக நினைத்த சொல் எப்படித் திரும்பி வருகிறது பாருங்கள்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் ஒரு கருப்புப் பொருள் கிடைத்தது. ஈயம் என்று நினைத்தார்கள். அது கிராஃபைட், நம் சிவகங்கையில் வெட்டியெடுக்கிறார்களே, அதேதான். அதைக் குச்சிக்குள் வைத்து எழுதத் தொடங்கியதும் தூரிகையின் பெயர் குச்சிக்குத் தாவியது. மயிர் போய்விட்டது, வால் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

நான் தூக்கம் கெட்டது இதனால்கூட அல்ல. பெனிசிலினும் இதே வால்தான்! புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை மூட்டையைப் பிரிக்கும்போது கீழே நசுங்கிக் கிடக்கும் பழத்தில் பச்சைப் பொடி பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சைக்குப் பெயர் பெனிசிலியம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு காம்பு, அதன் உச்சியில் விரிந்த மயிர்க்கற்றை, அச்சு அசல் தூரிகை. அதனால் அந்தப் பெயர். 1928இல் ஃபிளெமிங்கின் தட்டில் கிருமியைக் கொன்றது இந்தக் குடும்பத்துப் பூஞ்சை ஒன்று. ஆக, மருந்துக்கடையில் பெனிசிலின் கேட்பவரும் அண்ணாச்சி கடையில் பென்சில் கேட்பவரும் கேட்பது ஒரே வாலை.

மறுநாள் குற்றாலத்துக்குப் போய்ச் சித்திர சபையில் நின்றேன். ஐந்து சபைகளில் இங்கே மட்டும் கூத்தன் சிலையாக இல்லை. சுவரில் எழுதிய சித்திரம். 17ஆம் நூற்றாண்டு வெள்ளைக்காரன் யாராவது வந்து நின்றிருந்தால், இதை பென்சிலால் எழுதியிருக்கிறார்கள் என்று கூசாமல் சொல்லியிருப்பான். சரியாகவும் இருந்திருக்கும். மூலிகைச் சாயங்களைப் பற்றிக் குறிப்பெடுக்கத்தான் போனேன். நோட்டைத் திறந்தால் பக்கம் முழுக்க வால் படம்.

பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் முனையில் இருந்த ரப்பரைக் கடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப பேனாவும் வாலா தாத்தா?"

இல்லை. பென் என்பது 'பென்னா', இறகு. பென்சிலுக்கும் பென்னுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"ஒரே டப்பாலதான இருக்கு" என்றாள்.

வெர்ஸ் அடுத்த வாரம் கட்டாயம். அது உழவில் பிறந்த சொல். கலப்பை வரப்போரம் வந்து திரும்புகிற திருப்பம். அச்சன்புதூர் வயலில் தொளி அடிக்கும் டிராக்டர் மடங்குகிற இடத்தில் இரண்டு சாயங்காலம் நின்று பார்த்துவிட்டேன். ஸ்டான்ஸாவுக்கு இடம் கிடைக்குமா என்று இப்போதே சொல்ல முடியாது.

(தொடரும்)